ஒற்றைக்காலில் ஆடின சீட்டு

1. நாலாவது கை

நான் தொழில் தொடங்கின முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடத்தான் வந்தார்கள்.

"மாமி வெளிநாட்டால சீட்டுக்கட்டு கொண்டந்திருக்கா எண்டு கேள்விப்பட்டம். நாங்க மூண்டு பேர் இருக்கம், ஒரு கை குறையுது" என்றான் ஒருவன்.

"இது விளையாடுற சீட்டில்ல மனே. பலன் சொல்லுற சீட்டு" என்றேன்.

"சரி, அப்ப துரும்பு எது?"

குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, சாம்பிராணி போட்டு, புதுப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் ஒரு கை விளையாடியும் விட்டேன். அதை யாரிடமும் சொல்லவேண்டாம். வென்றது நான்தான்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் யோகா எழுதுகிறாள். அவள் பாலர் பாடசாலை ரீச்சர். நான் வாயில் வந்தபடி கொட்டுவதை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். எனக்கு எழுத்து வராது. கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவேன். அப்படிப்பட்டவள் டாரட் கார்ட் பார்ப்பதும் ரெய்கி கொடுப்பதும் எப்படி என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிறார்களாம். எப்படிச் செய்வது என்று என்னால் சொல்ல முடியாது. எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லலாம். அதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

வளைகுடாவில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருசம் சமையல் வேலை செய்தேன். அதே வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு இருந்தவள் லிண்டா, பிலிப்பைன்ஸ்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவளுடைய பாசை தெரியாது. இரண்டு பேரும் சமையலறை அரபியில் கதைப்போம். சமையலறை அரபி என்றால், "கொண்டுவா, கழுவு, போதும், நல்லம், நல்லமில்லை" என்று ஒரு ஐம்பது சொல். அந்த ஐம்பது சொல்லை வைத்துத்தான் அவள் எனக்கு எழுபத்தெட்டுச் சீட்டும் படிப்பித்தாள். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டில் இப்படிச் சீட்டு வைத்திருப்பது பிடிபட்டால் சூனியக்காரி என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் லிண்டா சீட்டுகளின் மேலும் கீழும் கரையை வெட்டி, பால்மா டின்னுக்குள் அடங்குகிற அளவாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு சீட்டின் கீழ்க்கரையிலும் இங்கிலீசில் பெயர் இருந்ததாம். வெட்டியதில் பெயர் எல்லாம் போய்விட்டது. படம் மட்டும் மிச்சம். எனக்கு அதுவே வசதி. எழுத்து இருந்திருந்தால் வெட்கமாக இருந்திருக்கும்.

நான் ஊருக்கு வரும்போது அந்த டின்னை லிண்டா என் கையில் தந்தாள். ரெய்கியும் அவள் சொல்லித் தந்ததுதான். நோவுகிற இடத்தில் கையை வை, சும்மா இரு, கதைக்காதே. ரெய்கியில் எனக்குக் கடைசிவரை சரிவராதது அந்தக் கடைசிப் பாடம்தான்.

மட்டக்களப்பார் தங்களிடம் வந்தவர்களை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்ச் சனம் எங்களைப் பற்றிச் சொல்லும். என் புதுப் பாயில் முதல் ஒரு மாதம் ஒருவரும் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் வந்து படுத்தது.

2. கையில் வந்த சூடு

முதலாவது உண்மையான ஆளாக வந்தவர் வேலாயுதம். மேசன். ஐம்பத்தைந்து வயது. குருக்கள்மடத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்குச் சாந்து பூசினவர் அவர்தான். எங்கள் ஊர்க் கூத்தில் எந்தக் கதை போட்டாலும் ராசா வேசம் அவருக்குத்தான். ராசா களரிக்கு, கூத்தாடுகிற வட்டத்துக்கு, முதன்முதல் வருகிற ஆட்டத்தை வரவாட்டம் என்பார்கள். நெஞ்சுக்குப் பாரமான உடுப்பு, தலையில் ராசா முடி, இடுப்பில் வட்டமாக விரிகிற கரப்புடுப்பு, காலில் சதங்கை. இவ்வளவையும் சுமந்துகொண்டு மத்தளத்துக்கு ஏற்றபடி துள்ளி, சுழன்று களரியைச் சுற்றி வரவேண்டும். வேலாயுதம் சுற்றினால் முன்வரிசைச் சனத்தின் முகத்தில் மண் அடிக்கும். அந்த மண் படுவதற்கென்றே முன்னுக்கு இருக்கிறவர்களும் உண்டு.

அவருக்கு முழங்கால் நோவு. மனைவி பாக்கியம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமி, கைய வச்சா நோவு போகுமாமே?" என்றார்.

"இரிங்க மருமகன், பாப்பம்."

அன்று காலையில்தான் நான் உரலில் கொச்சிக்காய், அதுதான் காய்ந்த மிளகாய், இடித்து முடித்திருந்தேன். கை கழுவினேன். கொச்சிக்காய் இடித்த கையை ஒருதரம் கழுவினால் போதுமா போதாதா என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். நான் கையை அவருடைய முழங்காலில் வைத்துக் கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் நெளிந்தார். "மாமி, சூடு வருது."

"வரும்" என்றேன். உள்ளே எனக்கே அதிசயம். லிண்டா சூடு வரும் என்று சொல்லியிருந்தாள், எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"நல்லாச் சூடு வருதுகா! நெருப்பு மாதிரி இருக்கு!"

"அசையாதீங்க, சக்தி இறங்குது."

பாக்கியம் இரண்டு தரம் தும்மினாள். எனக்கும் மூக்கு அரித்தது. சக்தி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் எழும்பி நடந்தபோது உண்மையாகவே நோவு குறைந்திருந்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தெய்வானை மாமியின் கையில் நெருப்பு இருக்கிறது என்று பனிச்சங்கேணியில் இருந்தெல்லாம் இரண்டு பஸ் மாறிச் சனம் வரத் தொடங்கியது.

அடுத்த கிழமை அவர் மறுபடி வந்தார். கையை வைத்தேன். என் கையையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மாமி, இண்டைக்குக் கரண்ட் கட்டா?"

அப்போதுதான் எனக்கு உரல் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் அன்று பகல் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் தரம் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? காலையிலேயே உரலைக் கழுவினேன். இதை எழுதும்போது யோகா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது மகள், எழுது. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் இடித்தேன். வந்த பெயரை விட மனமில்லை.

3. பாக்கியம் கேட்ட உதவி

அந்த வருசம் கோயிலில் கூத்துப் போடத் தீர்மானித்தார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வேலாயுதத்தைக் கூப்பிட்டு, "ராசாவ ரெண்டாப் பிரிப்பம். வரவாட்டம் ஆடுற முன்ராசா ஒரு இளந்தாரிக்கு. நாடிழந்து பாடுற பின்ராசா உனக்கு. அதில ஆட்டம் குறைவு, பாட்டுத்தான்" என்றிருக்கிறார். வேலாயுதம் அந்த இடத்திலேயே, "அரை ராசா நான் ஆடமாட்டன். ஆடினா முழு ராசா, இல்லாட்டி வீட்டில இருக்கன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முடிவு சொல்ல வெள்ளிக்கிழமை வரை தவணை.

வியாழக்கிழமை காலை பாக்கியம் தனியாக என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, இவர் பின்னேரம் சீட்டுப் பாக்க வருவார். ஆடாதீங்க எண்டு சொல்லுங்க. என்ன சீட்டு வந்தாலும் அப்பிடியே சொல்லுங்க."

"ஏன் புள்ள?"

"துள்ளக்கூடா எண்டு டொக்டர் சொல்லிட்டார். முழங்கால் போனா இவர் மறுகா சாரத்தில ஏற ஏலா. ஏறாட்டி எங்கட அடுப்புக்கு என்ன வழி? கூத்து ஒரு இரவு பெரியம்மா, சாரம் ஒவ்வொரு நாளும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மகள், சீட்டு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்லுவன். தொழிலில பொய் சொல்லமாட்டன்" என்றேன். உரலுக்குள் கொச்சிக்காய் காய்ந்துகொண்டிருந்த வீட்டில் இருந்து வந்த பேச்சு அது.

பின்னேரம் இருவரும் வந்தார்கள். வேலாயுதம் எனக்கு முன்னால் பாயில் இருந்தார், நோவுகிற காலை நீட்டிக்கொண்டு. பாக்கியம் எனக்குப் பக்கத்தில் இருந்தாள், சீட்டை நான் ஒளித்து மாற்றமாட்டேனா என்ற நம்பிக்கையில்போல. அவர் கலைத்து ஒன்றை உருவித் தந்தார். நான் அதை நடுப் பாயில் நிமிர்த்தி வைத்தேன்.

நீலச் சட்டை, சிவப்புக் காற்சட்டை போட்ட ஒரு ஆள். ஒற்றைக்காலில் நிற்கிறான். மற்றக் காலை மடித்துக் குறுக்கே வைத்திருக்கிறான். கை இரண்டும் பின்னால். தலையைச் சுற்றி மஞ்சள் வட்டமாக ஒளி. நிற்கிற காலின் கணுக்காலில் ஒரு கட்டு.

இந்தச் சீட்டை லிண்டா எனக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா மணி அடித்துவிட்டாள். "இது நல்ல சீட்டு" என்பதோடு டின்னை மூடி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தோம். மிச்சத்தை நானாகவே நிரப்பிக்கொண்டேன். கூத்து ஊரில் பிறந்த எனக்கு அதில் என்ன கஷ்டம்? கணுக்காலில் இருப்பது சதங்கை. தலையில் இருப்பது ராசா முடி. ஆள் ஆடுகிறான். இந்தச் சீட்டு வந்தவர்களுக்கெல்லாம், "ஆட்டம்தான், துணிஞ்சு இறங்குங்க" என்று சொல்வேன். எனக்குப் பிடித்த சீட்டும் அதுதான். வெளிக் கேற்றில் மாட்டின போர்டிலும் அந்த ஆளைத்தான் பெரிதாகக் கீறச் சொல்லியிருந்தேன். கல்முனை பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

"மருமகன்! கூத்தாடுறான் பாருங்க! சதங்கையும் கட்டியிருக்கான்!" என்று கை தட்டினேன்.

வேலாயுதம் சீட்டை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ஆடுறானா மாமி?"

"ஆடாம? உங்களைப் போலவே ஆடுறான்."

"அப்ப சரி" என்று எழும்பினார். எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பாக்கியமும் எழும்பினாள். போகும்போது நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு கடைக்குப் போகும்போதுகூட என் வீட்டு வாசலால் வராமல் ஆற்றோரத்தால் சுற்றிப் போனாள். எங்கள் ஆட்கள் ஆறு என்று சொல்வது வாவியை. சேறு மிதித்துக்கொண்டு, கண்டல் மர வேருக்குள்ளால் போகிற வழி அது. ஒரு பெண் அந்த வழியால் போகிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு கோபம் என்று அளந்துகொள்ளலாம்.

4. லிண்டா தலையைச் சாய்த்தாள்

முழு ராசாவும் வேலாயுதத்துக்கே என்று முடிவாகி, அந்த இளந்தாரியும் தேவைக்கென்று பக்கத்தில் நின்று பழக, கூத்துப் பழக்கம் நடந்தது. ஒருநாள் வேலாயுதம் சுழலும்போது முழங்கால் மடங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். எழும்பித் தூசைத் தட்டிக்கொண்டு, "சீட்டில ஆட்டம்தான் வந்தது. ஒண்டும் நடக்காது" என்றாராம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாருங்கள் என் புத்தியை.

அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது லிண்டா வட்ஸ்அப்பில் வீடியோக் கோல் எடுத்தாள். அவளும் இப்போது தன் ஊரில்தான் இருக்கிறாள். நான் என் பெருமையைக் காட்டப் போனைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போய் போர்டைக் காட்டினேன். அவள் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். கடைசியில் தன் போனையே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"தெய்வானா, அந்த ஆளை ஏன் தலைகீழாகப் போட்டிருக்கிறாய்?" என்று சமையலறை அரபியில் கேட்டாள்.

"தலைகீழ் இல்லை. தலை மேலே. கால் கீழே. நல்லம்" என்றேன்.

"நல்லமில்லை. கால் மேலே. தலை கீழே. அவன் தொங்குகிறான்."

அவளுடைய அரபியும் என்னுடைய அரபியும் அதற்குமேல் போதவில்லை. அவள் எழும்பி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, காலைக் கயிற்றால் கட்டித் தொங்குகிற மாதிரி நடித்துக் காட்டினாள். எனக்குச் சதங்கை கயிறாகிவிட்டது. ராசா முடி தலைகீழாகிவிட்டது.

அப்போதுதான் விளங்கியது. வளைகுடா வீட்டுச் சமையலறை மேசையில் லிண்டா ஒரு பக்கம் இருப்பாள், நான் எதிர்ப்பக்கம் இருப்பேன். அவளுக்குத் தொங்கினவன் எனக்கு ஆடியிருக்கிறான். அவன் தொங்கின மரக்கிளை லிண்டா வெட்டின கரையோடு போய்விட்டது. மற்றச் சீட்டுகளில் தலைகீழாக நிற்கிற ராசாவையும் குதிரையையும் நானாக நிமிர்த்திப் படித்துக்கொண்டேன். இவன் ஒருவன்தான் எந்தப் பக்கம் பார்த்தாலும் நம்பும்படியாக நின்றுவிட்டான்.

"என்ன சொல்லுகிறான் அவன்?" என்று கேட்டேன்.

"பொறு என்கிறான். போகாதே. கையில் இருக்கிறதில் ஒன்றை விடு. அவன் சாகவில்லை தெய்வானா, முகத்தைப் பார், அவனுக்கு நோவு இல்லை. தானாக விரும்பித் தொங்குகிறான்" என்று பாதி சொல்லும் பாதி சைகையுமாகச் சொன்னாள்.

இந்தச் சீட்டு வந்த எத்தனை பேரை நான் துணிந்து இறங்கச் சொல்லியிருக்கிறேன்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தி ஆடு வாங்கினாள். ஆடு நல்லாகக் குட்டி போட்டது. ஆட்டுக்குச் சீட்டுத் தெரியாதே. இன்னொருவன் மாமனாரோடு சண்டைக்குப் போனான். அது நான் சொல்லாவிட்டாலும் போயிருப்பான். மற்றவர்களைப் பற்றி யோசித்துத் தப்பிக்கொண்டேன். வேலாயுதத்தின் முழங்காலைப் பற்றி யோசித்துத் தப்ப முடியவில்லை.

பக்கத்தில் நின்ற யோகா என்னைப் பார்த்தாள். "போய்ச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"போர்டக் கழட்டவேண்டி வருமே மகள். மறுகா ஆர் என்னட்ட வருவா?"

"அந்தாளுக்குக் கால் போனா மட்டும் வருவாங்களா?"

இவள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், அதனால் கேள்வியைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

5. எதிர்ப்பக்கம்

அடுத்த நாள் காலையில் நானும் ஆற்றோரத்தால்தான் போனேன். கேற்றால் போனால் போர்டைத் தாண்டிப் போகவேண்டும்.

வேலாயுதம் முற்றத்தில் கதிரையில் இருந்தார். நோவுகிற காலைக் கவிழ்த்து வைத்த சீமெந்து வாளியின் மேல் நீட்டியிருந்தார். முழங்கால் சின்ன இளநீர் மாதிரி வீங்கி மினுங்கியது. மடியில் சதங்கை. அறுந்த கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். பாக்கியம் ஒரு பக்கம் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மீனை இன்னும் பலமாக வெட்டினாள்.

"மருமகன், நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன். இருக்கச் சொல்லும்வரை பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். லிண்டா, சமையலறை மேசை, கயிறு, தொங்குகிறவன். சும்மா இருக்கத் தெரியாதவள், தொடங்கின வேகத்தில் கொச்சிக்காயையும் சொல்லிவிட்டேன்.

பாக்கியம் கத்தியை வைத்தாள். "அந்தச் சூடு கொச்சிக்காயா பெரியம்மா?"

"ஓம் மகள்."

"அண்டைக்கு நான் தும்மினது?"

"அதும்தான்."

அவள் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. புருசனைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இப்பயெண்டாலும் அண்ணாவியாரிட்டப் போய்ச் சொல்லுங்க."

வேலாயுதம் சதங்கையைக் கீழே வைத்தார். "சீட்டக் கொண்டந்தீங்களா மாமி? அண்டைக்கு வச்ச மாதிரியே வையுங்க."

ஒரு பாய் விரித்தோம். நான் இருந்தேன். பாக்கியத்தைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இருக்கவைத்தார். தான் காலை நீட்டிக்கொண்டு எதிரில் இருந்தார். சீட்டை நடுவில் வைத்தேன், தலை மேலே எனக்குத் தெரிகிறபடி.

"இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஆடுறான்" என்றேன்.

"பாக்கியம், உனக்கு?"

"ஆடுறான்தான், அறுவான்" என்று சீட்டையே ஏசினாள் பாக்கியம்.

"எனக்கு அண்டைக்கும் தொங்கினான். இண்டைக்கும் தொங்குறான்" என்றார் வேலாயுதம்.

முற்றத்தில் பூனை மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. ஒருவரும் துரத்தவில்லை.

"அப்ப ஏன் அண்டைக்கு வாயத் திறக்கல்ல?" என்று பாக்கியம் கேட்டாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"காலில கயிறு கட்டித் தலைகீழாத் தொங்குற மனிசன நான் என்ர கண்ணால கண்டன். நெஞ்சு பக்கெண்டுது. இந்தா, மாமி ஆடாத எண்டு சொல்லப்போறா எண்டு பாத்துக்கொண்டிருக்கன், மாமி கை தட்டுறா, ஆடுறானாம். நான் கேட்டன் மாமி, ஆடுறானா எண்டு ஒருக்காக் கேட்டன். நீங்க ஓம் எண்டீங்க. எனக்கு அந்த ஓம்தான் வேணும். என்னத்துக்கு வாயத் திறக்கிற?"

பாக்கியம் விரலை மடித்தாள். "நான் பொய் சொல்லச் சொன்னன். பெரியம்மா தெரியாமப் பிழை சொன்னா. நீங்க தெரிஞ்சும் சொல்லாம விட்டீங்க. மூண்டு பேரில ஆர் கள்ளன் எண்டு இந்தத் தொங்குறவனத்தான் கேக்கணும்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வேலாயுதத்துக்கும் வந்தது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் அந்த முழங்காலிலேயே இருந்தது.

"சரி மாமி, அவன் என்ன செய்யச் சொல்லுறானாம்?" என்று அவர் கேட்டார்.

"பொறுக்கச் சொல்லுறான். கையில இருக்கிறதில ஒண்ட விடச் சொல்லுறான்."

"எத விடுற?"

எனக்கு வாய் நிறையப் பதில் இருந்தது. சாரம், டொக்டர், பாக்கியம், அண்ணாவியார், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பேன். என்னவோ, அன்று முதல்தரம் லிண்டாவின் கடைசிப் பாடம் நினைவுக்கு வந்தது. கையை அவருடைய முழங்காலில் வைத்தேன். கொச்சிக்காய் படாத கை. சும்மா இருந்தேன். சூடு என் கையில் இருந்து போகவில்லை, வீங்கின முழங்காலில் இருந்துதான் என் கைக்கு வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூனை திரும்பி வந்து மிச்ச மீனைப் பார்த்தது. பாக்கியம் அதைத் துரத்த எழும்பவில்லை.

"வரவாட்டத்த விடுறன்" என்றார் வேலாயுதம். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "பின்ராசாவ நான் எடுக்கிறன். பாக்கியம், அந்தச் சட்டைய எடு. அண்ணாவியார் வேலைக்குப் போகமுதல் போகணும்."

6. இப்போது நான் செய்வது

விடியவிடிய நடக்கிற கூத்தை நான் முழுக்கப் பார்க்கவில்லை. இந்த வயதில் யாரால் ஏலும்? வரவாட்டத்தைப் பார்த்தேன். இளந்தாரி நல்லாகத்தான் ஆடினான், ஆனால் மண் முன்வரிசைக்கு வரவில்லை. முன்வரிசைக் கிழவர்கள் சட்டையைத் தட்டிப் பார்த்து, "என்னகா, ஒண்டும் காணல்ல" என்று குறைப்பட்டார்கள். எனக்குப் பக்கத்தில் பாக்கியம் இருந்தாள். எனக்கு வெற்றிலை மடித்துத் தந்தாள். அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது.

நான் அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். விடியும்போது பாக்கியம் இடுப்பில் இடித்து எழுப்பினாள். நாடிழந்த ராசாவாக வேலாயுதம் களரியில் நின்றார். கையில் ஒரு கோல். பாட்டு எடுத்தார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருந்தது இத்தனை வருசமாக யாருக்குத் தெரியும்? துள்ளுகிற ராசாவுக்கு மூச்சு எங்கே இருக்கும், பாடுவதற்கு? சனம் எழும்பிப் போகத் தொடங்கியிருந்தது, போனவர்கள் நின்றார்கள்.

பாட்டின் நடுவில் அவர் ஒரு காலைத் தூக்கினார். தூக்கின காலை மற்றக் காலின் குறுக்கே மடித்துவைத்து, கோலோடு கையைப் பின்னால் கட்டி, ஒற்றைக்காலில் அப்படியே நின்றார். மத்தளக்காரர் அதைக் கண்டு தாளத்தை இழுத்துப் பிடித்தார். அச்சொட்டாக என் சீட்டு. சனம் ஆரவாரித்தது. நான் எழும்பி நின்று கை தட்டினேன்.

பிறகு அவரிடம் கேட்டேன். "மருமகன், அந்த ஆட்டம் அண்ணாவியார் பழக்கினதா?"

"என்ன ஆட்டம் மாமி? கால் நொந்திச்சு, தூக்கினன்."

அவர் இன்றும் சாரத்தில் ஏறுகிறார். மெதுவாகத்தான் ஏறுகிறார். முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் தந்த உறை போடுகிறார். என்னிடமும் வருவார். வரும்போது, "மாமி, இண்டைக்குச் சும்மா கையா, உறைப்புக் கையா?" என்று கேட்பார். சில நாள் அவரே கேட்டு உறைப்புக் கை வாங்குவார். இப்போது சொல்லிவிட்டுத்தான் இடிக்கிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சீட்டை உங்கள் பக்கம் பார்த்து வைக்காதீர்கள். வந்தவர் பக்கம் பார்த்து வையுங்கள். வைத்த உடனே கை தட்டாதீர்கள். "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று முதலில் கேளுங்கள். முன்னால் இருக்கிறவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும், நீங்கள் பிழையாகச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். கொச்சிக்காய் இடித்தால் சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவுங்கள்.

கேற்றில் போர்டு இன்னும் இருக்கிறது. கழட்டித் தலைகீழாக மாட்டத்தான் நினைத்தேன். அப்படி மாட்டினால் என் பெயர் எழுத்தும் தலைகீழாகிவிடும் என்று யோகா சொன்னாள். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் வேலாயுதமும் வேண்டாம் என்றுவிட்டார். அவர் வேலைக்குப் போகும்போது கேற்றடியில் சைக்கிளின் வேகத்தைக் குறைப்பார். கழுத்தை நல்லாக ஒரு பக்கம் சரித்து, அந்த ஆளை ஒருக்காத் தலைகீழாகப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து மிதித்துக்கொண்டு போவார்.